செட்டிநாட்டு வீட்டில் ஆமை வளர்க்கப் போகிறீர்களா? முதலில் காகிதம், அப்புறம் கிணறு, அதற்கப்புறம்தான் ஆமை

பெரியப்பச்சி (பெரியப்பா) மகன் சென்னையில் அடுக்குமாடி வீட்டில் ஓர் ஆமை வளர்த்தார். வாங்கும்போது உள்ளங்கையில் அடங்கியதாம். ஐந்து வருடத்தில் தாம்பாளம் அளவுக்கு வந்து, பால்கனிக் கதவை முட்டிக்கொண்டே இருந்தது. 2024 பொங்கலுக்கு ஊருக்கு வந்தவர், கார் டிக்கியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் தொட்டியை இறக்கி வைத்து, "உன் வீட்லதான் இடம் கெடக்கே தம்பி" என்றார்.

இடம் கிடந்தது உண்மை. பள்ளத்தூரில் எங்கள் வீடு தெருவுக்குத் தெரு நீளும் வீடு. இருப்பது நான், என் மனைவி, ஆத்தா மூவர்தான். ஆனால் இடத்தைத் தவிர வேறு எதுவும் எங்களிடம் இல்லை. ஆறு மாதம் வனத்துறைக்கும் கொத்தனாருக்கும் கால்நடை மருத்துவமனைக்கும் அலைந்து கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். இணையத்தில் ஆமை பற்றி வருவதெல்லாம் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியது. விளக்கு வாங்கு, ஹீட்டர் வாங்கு என்பார்கள். நமக்கு வெயில் இலவசம். நம் கஷ்டம் வேறு மாதிரி.

ஆத்தா முதல் நாளே, "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் வெளங்குமாடா?" என்று கேட்டார். சிரித்தேன். ஆமையும் கோர்ட்டு அமீனாவும் ஒரே நாளில் வீட்டுக்குள் வர ஒரு வழி இருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1. எந்த ஆமை என்று முதலில் பாருங்கள்

நம் பக்கத்து முள்ளுக்காட்டில் முதுகில் நட்சத்திரம் போட்டது போல மஞ்சள் கோடுகளோடு திரியுமே, அந்த நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் அது இப்போது முதல் அட்டவணையில் இருக்கிறது. வைத்திருந்தால் மூன்று வருடத்துக்குக் குறையாமல் ஏழு வருடம் வரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். "ராசிக்காக வச்சிருக்கேன்", "காட்டுல கெடந்துச்சு, பாவமேன்னு எடுத்து வந்தேன்" என்பதெல்லாம் எடுபடாது. கடையில் ஒளித்து வைத்து விற்கிறார்கள் என்பதால் சட்டப்படி சரி என்று ஆகிவிடாது. அமீனாவும் ஆமையும் சேர்ந்து வரும் வழி இதுதான்.

மழைக்காலத்தில் ஊருணியிலிருந்து ரோட்டுக்கு ஏறி வரும் பாலாமையும் அப்படியே. பார்த்தால் ரோட்டைக் கடத்தி, அது போய்க்கொண்டிருந்த பக்கத்திலேயே விட்டுவிடுங்கள். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

கண்ணாடித் தொட்டியில் காதோரம் சிவப்புக் கோட்டோடு நீந்தும் குட்டி, சிவப்புக்காது ஆமை. அது அமெரிக்க நீராமை, இந்தக் கட்டுரையில் சொல்லும் எதுவும் அதற்குப் பொருந்தாது. ஒன்றே ஒன்று சொல்லி வைக்கிறேன்: பெரிதாகிவிட்டது என்று ஊருணியில் கொண்டுபோய் விடாதீர்கள். உள்ளூர் ஆமைகளின் இரையையும் இடத்தையும் அது பிடுங்கிக்கொள்ளும்.

நான் எழுதப்போவது சல்காட்டா என்கிற ஆப்பிரிக்கத் தரை ஆமையைப் பற்றி. சகாரா பாலைவனத்தின் தெற்கு ஓரத்து வறண்ட நிலம்தான் அதன் சொந்த ஊர். நம் சித்திரை வெயில் அதற்குப் பழகிய வெயில். வாங்கும் முன் இரண்டு கணக்குகளை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். வளர்ந்த ஆண் ஆமை 45 கிலோவைத் தாண்டும். ஆயுள் ஐம்பது, எழுபது வருடம். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. நான் இல்லாத காலத்திலும் அது இருக்கும்.

2. காகிதம்: ஆமை வீட்டுக்கு வருவதற்கு முன்பே

சல்காட்டா, சைட்டிஸ் என்கிற பன்னாட்டு வன உயிரின வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ள விலங்கு. அப்படிப்பட்ட உயிருள்ள விலங்குகளை யார் வைத்திருந்தாலும் பதிவு செய்ய வேண்டும் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2024 பிப்ரவரி 28 அன்று விதிகள் வெளியிட்டது. ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு ஆறு மாதம் அவகாசம். அது அந்த ஆகஸ்டோடு முடிந்துவிட்டது. இனி புதிதாக வாங்குகிறவர்கள் கைக்கு வந்த முப்பது நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

விண்ணப்பம் பரிவேஷ் 2.0 என்கிற இணையதளத்தில். கட்டணம் 1,000 ரூபாய். அது மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்குப் போகும். விசாரிக்கப் போக வேண்டுமென்றால் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக்காரர்களுக்கு சிவகங்கை மாவட்ட வன அலுவலகம். ராயவரம், பொன்னமராவதிப் பக்கமென்றால் புதுக்கோட்டை. செட்டிநாடு நமக்கு ஒரே ஊர் மாதிரிதான், அரசாங்கத்துக்கு இரண்டு மாவட்டம். நான் முதலில் தவறான அலுவலகத்தில் அரை நாள் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

நான் தயார் செய்து வைத்திருந்தவை: ஆதார், வீட்டு வரி ரசீது, அண்ணன் வாங்கியபோது கொடுத்த கடை ரசீது, அவர் எனக்கு ஒப்படைத்ததாகக் கையெழுத்துப் போட்ட கடிதம், ஆமையின் எடையும் நீளமும் எழுதிய கால்நடை மருத்துவர் சான்று, நான்கு புகைப்படங்கள். முதுகு ஓடு, அடி ஓடு, பக்கவாட்டு, முகம். அடி ஓட்டுப் படத்தை விட்டுவிடாதீர்கள். அதில் உள்ள கோடுகளையும் தேய்மானத்தையும் வைத்துத்தான் பின்னால் "இதே ஆமைதான்" என்று காட்ட முடியும்.

இப்போது நான் விழுந்த குழி. கடைக்காரர் ரசீதில் 'ஜியோகெலோன்' என்று பழைய அறிவியல் பெயரை எழுதியிருந்தார். நட்சத்திர ஆமையின் பெயரும் ஜியோகெலோனில்தான் ஆரம்பிக்கும். அலுவலகத்தில் ரசீதைப் பார்த்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. சல்காட்டாவின் இப்போதைய பெயர் சென்ட்ரோகெலிஸ் சல்காட்டா. ரசீதிலும் விண்ணப்பத்திலும் அதையே எழுதச் சொல்லுங்கள். வெறுமனே 'ஆமை - 1' என்று எழுதிய ரசீதை வாங்காதீர்கள்.

இன்னொரு குழி, விற்கிறவரின் பதிவு. இப்போது வாங்குகிறீர்கள் என்றால், அவர் பெயரில் பதிவு இருக்கிறதா என்று பணம் கொடுப்பதற்கு முன் கேளுங்கள். கை மாறுவதையும் தெரிவிக்க வேண்டும். குட்டி பொரித்தாலும், இறந்துபோனாலும் தெரிவிக்க வேண்டும். "அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க சார்" என்று ஒரு கடையில் என்னிடம் சொன்னார்கள். அப்படிச் சொல்லும் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

எங்களுக்கு விண்ணப்பம் ஒருமுறை திரும்பி வந்து, மறுபடி ஏற்றி, ஒரு வனக்காப்பாளர் நேரில் வந்து பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போய், எல்லாம் முடிய ஏழு வாரம் ஆனது. வந்தவருக்கு ஆத்தா காபி கொடுத்து, "இத நீங்களே கொண்டு போயிடலாமே" என்று ஒரு முயற்சியும் செய்து பார்த்தார்.

3. பங்காளிகளிடம் ஒரு வார்த்தை

இதை எந்த வெளிநாட்டு வழிகாட்டியிலும் பார்க்க மாட்டீர்கள். உங்கள் வீடு பொதுவீடு என்றால், பின்கட்டில் கடப்பாரை போடுவதற்கு முன் பங்காளிகளிடம் சொல்லிவிடுங்கள். போனில் சொன்னால் போதாது, வாட்ஸப்பிலாவது எழுத்தில் இருக்கட்டும். நான் சொல்லாமல் மண்ணைத் தோண்டிச் சுவர் எழுப்ப, சிங்கப்பூரில் இருக்கும் பங்காளி ஒருவருக்குப் படம் போய், "பொது இடத்தில் அறை கட்டுகிறான்" என்று பேச்சாகிவிட்டது. ஆமைக்கு என்றதும் அவர் நம்பவே இல்லை. வீடியோ அழைப்பில் ஆமையைக் காட்டிய பிறகுதான் அடங்கினார்.

4. இடம்: தோட்டத்தில் ஒரு பத்தி (சுவர் எழுப்பிய அடைப்பு)

நேரம், பணம் எல்லாம் அதிகம் தின்றது இதுதான்.

அளவு: வளர்ந்த ஆமைக்கு இருபதுக்கு இருபது அடிக்குக் குறையக் கூடாது என்பது என் அபிப்பிராயம். குட்டி என்றால் எட்டுக்கு ஆறு போதும். ஆனால் மூன்று வருடத்தில் இடித்துக் கட்ட வேண்டி வரும்.

சுவர்: இரண்டடி உயரம் போதும், இது ஏறாது. ஆனால் கம்பி வலை வேண்டாம். மறுபக்கம் தெரிந்தால் இந்த ஆமை நாள் முழுக்க அங்கேயே முட்டும். மூக்கு தேய்ந்து புண்ணாகும், வலையும் பிய்ந்துவிடும். மறைக்கிற மாதிரிச் சுவர் வேண்டும். நாங்கள் பழைய மாட்டுக்கொட்டகையை இடித்தபோது கிடந்த செம்புறாங்கல்லையே அடுக்கிப் பூசினோம்.

அடித்தளம்: இதில்தான் ஏமாந்தேன். சல்காட்டா குழி தோண்டும் ஆமை. சொந்த நாட்டில் வெயிலுக்குத் தப்ப ஆள் உயரத்துக்கும் மேல் வளை வெட்டும். சுவரைத் தரை மட்டத்திலிருந்து எழுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தேன். முதல் மழை பெய்து செம்மண் இளகியதும், மூன்றே ராத்திரியில் சுவருக்கு அடியில் நாலடி நீளத்துக்கு வெட்டிவிட்டது. காலையில் பக்கத்து வீட்டு ஆச்சி, "இங்க ஒங்க கல்லு ஒண்ணு நடக்குது" என்று கூப்பிட்டார். சுவரை ஒன்றரை அடி ஆழத்திலிருந்து எடுங்கள். வீட்டின் பழைய மதிலுக்குப் பக்கத்தில் பத்தி போடாதீர்கள். அடியில் வளை வெட்டினால் மதில் இறங்கும்.

கிணறு: நம் பின்கட்டில் கிணறு இல்லாத வீடு ஏது? தரை ஆமைக்கு நீந்தத் தெரியாது, விழுந்தால் கல்தான். கைப்பிடிச் சுவர் இருந்தாலும், இடிந்த இடம், தண்ணீர் போகும் வழி எல்லாவற்றையும் பாருங்கள். நாங்கள் மேலே இரும்பு வலை போட்டுவிட்டோம். தொட்டி, செப்டிக் குழி மூடிகளையும் பாருங்கள்.

நிழலும் சேறும்: காலை வெயில் நேராக விழ வேண்டும். ஓடு கெட்டிப்பட சூரியனின் புற ஊதாக் கதிர் தேவை, கண்ணாடி வழியாக வரும் வெயிலில் அது கிடைக்காது. அதே சமயம் பத்தியில் பாதியாவது மதியம் நிழலாக இருக்க வேண்டும். எங்களுக்கு வேப்பமரம் இருக்கிறது. பங்குனி முதல் ஆடி வரை ஒரு மூலையில் தினம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிச் சேறாக்கி வைக்கிறோம். பதினோரு மணி வாக்கில் தானே வந்து எருமை மாதிரி அமிழ்ந்துகொள்ளும்.

ராத்திரி அறை: நாலுக்கு மூன்றடி செங்கல் அறை, மேலே நாட்டு ஓடு, ஒரு மரக்கதவு. தகரம் போடாதீர்கள், உள்ளே அடுப்பாகிவிடும். தரையைச் சுற்றுமட்டத்தைவிட அரையடி உயர்த்துங்கள். குட்டியாக இருக்கும்வரை ராத்திரி கதவைப் பூட்டியே ஆக வேண்டும். நாய், கீரி, பெருச்சாளி மூன்றும் நம் தோட்டத்தில் உண்டு. பகலில் காகம் குட்டியைக் கொத்தும், மேலே வலை போடுங்கள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். சில வீடுகளில் ஆமை ஓடிவிடாமல் இருக்க ஓட்டின் ஓரத்தில் துளை போட்டுக் கயிறு கட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஓடு நகம் போல உயிரில்லாத பொருள் அல்ல. அது எலும்பு, நரம்பும் ரத்தமும் ஓடுகிறது. பெயின்ட் அடிப்பதும் வேண்டாம்.

5. வீட்டுக்குள் விடலாமா?

கொஞ்ச நேரம் விடலாம், வளர்க்க முடியாது. காரணம் நம் பெருமைக்குரிய, பூப்போட்ட ஆத்தங்குடித் தரைக்கல். மெழுகு மாதிரி வழவழப்பு. ஆமைக்குப் பிடிமானம் கிடைக்காமல் நாலு காலும் நாலு பக்கம் வழுக்கும். வளரும் குட்டியை அதிலேயே விட்டால் கால் கோணும்.

ஆனால் ஒரு நாள் பார்த்த காட்சி மறக்காது. வளவை (வீட்டின் உள்முற்றப் பகுதி) கழுவிக் காயவிட்டிருந்தோம். கந்தரப்பம் (ஆமைக்குப் பேரப்பிள்ளைகள் வைத்த பெயர், நிறமும் உருவமும் அந்தப் பலகாரம் மாதிரி) மெல்ல நடந்து வந்து, தரைக்கல்லில் இருந்த சிவப்புப் பூவை உற்றுப் பார்த்தது. கழுத்தை நீட்டியது. வாயைத் திறந்து ஒரு கடி. பல்லில்லாத அலகு கல்லில் 'டக்'கென்று பட்டது. பின்வாங்கி யோசித்துவிட்டு, அடுத்த கல்லில் இருந்த பூவைக் கடித்தது. அப்படியே ஒரு வரிசை முழுக்கப் போனது. சிவப்பு, மஞ்சள் என்றால் இதற்குத் தின்பண்டம். மருதாணி வைத்த கால்விரலையும் விடாது. சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் தனியாக விடாதீர்கள்.

ஆமையைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சால்மொனெல்லா என்கிற கிருமியை இவை நோயில்லாமலே சுமக்கும். அதன் தொட்டியை அடுப்படித் தொட்டியில் கழுவாதீர்கள். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளும் முடியாத பெரியவர்களும் இருக்கும் வீட்டில் இன்னும் கவனம்.

6. தீனி: புல், புல், மறுபடியும் புல்

தட்டில் முக்கால் பங்குக்கு மேல் புல்லாக இருக்க வேண்டும். நார் நிறைய, புரதம் குறைவு. எங்கள் பட்டியல் இது.

தினமும் அருகம்புல்லும், மாடு வைத்திருப்பவரிடம் வாங்கும் கினியாப்புல்லும். அதோடு தோட்டத்தில் தானாக முளைக்கும் மூக்கிரட்டை, வெட்டுக்காயப் பூண்டு. செம்பருத்தி இலையும் பூவும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் சப்பாத்திக்கள்ளி மடல். இது நம் மண்ணின் கொடை, பொட்டலில் எங்கும் கிடக்கிறது, சுண்ணாம்புச் சத்தும் நீரும் உண்டு. இடுக்கியால் பிடித்து அடுப்புத் தீயில் வாட்டினால் நுண்முள்ளெல்லாம் பொசுங்கிவிடும். கையில் எடுத்து முள்ளைப் பிடுங்க முயன்று மூன்று நாள் அவதிப்பட்டவன் சொல்கிறேன், இடுக்கி முக்கியம். முருங்கைக்கீரை எப்போதாவது ஒரு பிடி.

கோடையில் புல் காய்ந்து போகும். அப்போது காய்ந்த புல்லையே தண்ணீர் தெளித்துக் கொடுக்கலாம், தின்னும். வைக்கோலில் சத்து ஒன்றும் இல்லை, படுக்கைக்கு ஆகும். கடலைக்கொடி ருசி என்பதால் அள்ளித் தின்னும், ஆனால் புரதம் அதிகம். கொஞ்சமாக.

ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அதற்காக வெளிநாட்டுப் பொட்டலம் 900 ரூபாய்க்கு வாங்கினேன். அப்புறம்தான் தெரிந்தது, அதில் இருந்தது கணவாய் ஓடு. நாட்டு மருந்துக் கடையில் 'கடல்நுரை' என்று கேட்டால் கொடுப்பார்கள். தொண்டிப் பக்கம் மீன் வாங்கப் போகிறவர்களிடம் சொன்னால் சும்மாவே கொண்டுவருவார்கள். உப்புப் போக இரண்டு மூன்று நாள் தண்ணீர் மாற்றி ஊறவைத்து, காயவைத்து, பத்தியில் ஒரு துண்டைப் போட்டுவிடுங்கள். வேண்டும்போது தானே கடித்துக்கொள்ளும். வெற்றிலைச் சுண்ணாம்பைக் கொடுத்துவிடாதீர்கள், வாய் வெந்துவிடும்.

கொடுக்கவே கூடாதவை: சோறு, இட்லி, பிரட், பால், தயிர், நாய் பிஸ்கட், இறைச்சி. வாழைப்பழம், மாம்பழம் கேட்டால் தரத் தோன்றும். இனிப்பு இதன் குடலைக் கெடுத்து வயிறு போகும். பசலை, பாலக் வழக்கமாக வேண்டாம்.

தோட்டத்தில் என்ன செடி நிற்கிறது என்றும் பாருங்கள். அரளி பூஜைக்கு எல்லா வீட்டிலும் இருக்கும், அது விஷம். உதிர்ந்த பூவும் இலையும் பத்திக்குள் விழக் கூடாது. எருக்கு, ஊமத்தை, ஆமணக்கு, உண்ணிச்செடி எல்லாம் அகற்றுங்கள். பூச்சிமருந்து அடித்த வயல் வரப்பில் புல் அறுக்காதீர்கள்.

மிகப் பெரிய ஆபத்து வேறு எங்கும் இல்லை, அன்பானவர்களிடம்தான். கோயிலுக்குப் போய் வருகிறவர்கள் பிரசாதத் தேங்காயும் பொங்கலும் கொண்டுவந்து, "பெருமாள் அவதாரமாச்சே" என்று வைத்துவிடுவார்கள். மறுக்கவும் முடியாது. ஒரு சப்பாத்திக்கள்ளி மடலை அவர்கள் கையில் கொடுத்து, "இத ஊட்டுங்க, இதுதான் ரொம்பப் பிடிக்கும்" என்று சொல்லிவிடுகிறோம். எல்லோருக்கும் சந்தோஷம்.

7. தண்ணீர்

பாலைவனத்து ஆமைக்குத் தண்ணீர் வேண்டாம் என்பது தப்பு. குட்டியைத் தினமும், பெரியதை வாரம் இரண்டு தடவை, வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் நிற்கவையுங்கள். ஆழம், மேலோடும் அடியோடும் சேரும் கோடு வரை. அதற்குமேல் ஊற்றாதீர்கள். பெரும்பாலும் தண்ணீரில் நின்றதும் கழியும், குடிக்கவும் செய்யும்.

அப்போது வெள்ளையாக ஒன்று வரும். தயிர் மாதிரி குழைவாக இருந்தால் சரி. மணல் மாதிரி நறநறவென்று இருந்தால் உடம்பில் தண்ணீர் போதவில்லை, குளியலைக் கூட்டுங்கள். குட்டிகளை ரொம்பவும் வறட்சியாக வளர்த்தால் ஓடு கூம்பு கூம்பாகப் புடைத்து வளரும். பின்னால் சரியாகாது. எங்கள் கந்தரப்பத்தின் முதுகிலும் சென்னைப் பால்கனி வருடங்கள் அப்படியே மேடாக நிற்கின்றன.

8. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி

வெயிலில் நமக்குப் பிரச்சினை இல்லை. ஈரமும் குளிரும் சேர்ந்து வரும் இந்த மூன்று மாதம்தான் சோதனை. சல்காட்டாவுக்குக் குளிர்காலத் தூக்கம் கிடையாது. ஈரத்தில் நாள்கணக்கில் கிடந்தால் சளி பிடித்து நுரையீரல் வரை போகும்.

மழை பெய்யும்போது அறையிலேயே இருக்கட்டும். வைக்கோலை நாலு நாளைக்கு ஒரு தடவை மாற்றுங்கள், பூஞ்சை வாசம் வந்தால் அன்றே மாற்றுங்கள். மார்கழி ராத்திரிகளில் கதவுக்குச் சாக்கு தொங்கவிடுகிறோம், அவ்வளவுதான். வெயில் வந்த உடனே வெளியே விடுங்கள்.

நான் மதுரையில் ஒரு கடையில் அவர்கள் பேச்சைக் கேட்டு 3,800 ரூபாய்க்கு விளக்கு வாங்கினேன். அது இப்போது பெட்டியோடு பரணில் இருக்கிறது. குட்டி வளர்க்கிறீர்கள், வாரக்கணக்கில் அடைமழை என்றால் ஒருவேளை தேவைப்படும். ஓடியாடும் பெரிய ஆமைக்கு நம் ஊரில் தேவையில்லை.

9. மருத்துவர்: தேவைப்படும் முன்பே தேடுங்கள்

உள்ளூர்க் கால்நடை மருத்துவர்கள் மாடு, ஆடு, கோழியில் கைதேர்ந்தவர்கள். ஆமை பார்த்திருக்க மாட்டார்கள், அது அவர்கள் குற்றமும் இல்லை. ஒரு தடவை பூச்சிக்கு மருந்து கேட்டுப் போனோம். ஊசிக்குழலில் மருந்தை நிரப்பிவிட்டார்கள். பழக்கதோஷத்தில் "என்ன மருந்துங்க?" என்று கேட்டேன். ஐவர்மெக்டின் என்றார். மாட்டுக்கும் நாய்க்கும் அன்றாடம் போடுவது. ஆமைக்கு அது விஷம், போட்டால் முடங்கிச் செத்துவிடும். முந்தின ராத்திரி எங்கேயோ படித்தது நினைவு வந்ததால் தப்பித்தோம். இந்த ஒரு பெயரை மட்டுமாவது எழுதி பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய சிக்கல் என்றால் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, எங்களிடமிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். சென்னை போக முடிந்தவர்களுக்கு வேப்பேரிக் கல்லூரி. போவதற்கு முன் போன் செய்து, ஆமை பார்க்கிறவர் அன்று இருக்கிறாரா என்று கேளுங்கள். பதிவுச் சான்றின் நகலைக் கையில் கொண்டுபோங்கள். வழியில் யாராவது நிறுத்திக் கேட்டாலும் அது வேண்டும்.

எப்போது ஓட வேண்டும்? மூக்கில் குமிழி, வாயைத் திறந்து மூச்சு, கண் வீக்கம், ஓடு அழுத்தினால் அமுங்குவது, நல்ல வெயில் நாளிலும் மூன்று நாளுக்கு மேல் தின்னாமல் இருப்பது. இவற்றில் எது வந்தாலும் "நாளைக்குப் பார்ப்போம்" வேண்டாம். ஆமைக்கு நோய் வருவதும் மெதுவாக, போவதும் மெதுவாக. நமக்குத் தெரியும்போது அது பழைய நோயாக இருக்கும்.

அதனால்தான் எடை நோட்டு. மாதம் ஒரு தடவை நிறுத்து எழுதுகிறோம். வந்தபோது ஆறு கிலோ. அடுப்படித் தராசு தாங்காமல், பழைய பேப்பர் வாங்க வருகிறவரின் தராசில் நிறுத்தோம். அவர் நிறுத்துவிட்டு, "கிலோ என்ன வெல சார்?" என்று கேட்டார்.

10. எனக்கு ஆன செலவு

சுவர், அடித்தளம், ராத்திரி அறைக்குக் கொத்தனார் சித்தாள் கூலியும் சிமெண்டும் சேர்ந்து 16,500. கல் வீட்டிலேயே இருந்தது. மறுபடி அடித்தளம் தோண்டியது 4,000, இது என் அவசரத்துக்குக் கட்டிய அபராதம். கிணற்று வலை 3,500. பதிவுக் கட்டணம் 1,000, போக்குவரத்தும் நகலும் இன்னொரு 1,200. ஒரத்தநாட்டுப் பயணம் கார் வாடகையோடு 4,500. மாதச் செலவு புல்லுக்கு 300 தாண்டாது. பத்தி வேலைக்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள், வைகாசிக்கு முன் முடியுங்கள். கல்யாண சீசனில் கொத்தனார் கிடைக்க மாட்டார்.

ஜோடி வேண்டுமே என்று இரண்டாவது வாங்காதீர்கள். இதற்குத் தனிமை தெரியாது. இரண்டு ஆண் என்றால் முட்டி ஒன்றையொன்று கவிழ்த்துப் போடும். மல்லாந்து வெயிலில் கிடந்தால் சில மணி நேரத்தில் போய்விடும்.

11. ஊருக்குப் போகும்போது

பெரிய ஆமை இரண்டு நாள் தீனி இல்லாமல் இருக்கும், தண்ணீரும் நிழலும் இருந்தால் போதும். அதற்குமேல் என்றால் ஆள் வேண்டும். நாங்கள் கல்யாணத்துக்குப் போனால் தோட்ட வேலைக்கு வரும் அக்காவிடம் சொல்லிவிட்டுப் போவோம். எழுதிக் கொடுப்பது நாலே வரி: காலையில் கதவைத் திற, புல் போடு, சேற்று மூலையில் இரண்டு குடம் ஊற்று, ஆறு மணிக்கு உள்ளே இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுப் பூட்டு.

அந்தக் கடைசி வரியை அவர் சேர்க்கச் சொன்னார். போன தடவை வெறும் அறையைப் பூட்டிவிட்டுப் போய், மறுநாள் முழுக்கத் தேடியிருக்கிறார். துணி துவைக்கிற கல்லுக்கு அடியில், பக்கத்தில் இன்னொரு கல் மாதிரி, ஆத்தாவின் பழைய சேலையை விரித்துக்கொண்டு படுத்திருந்ததாம். சேலையை யார் போட்டது என்று கேட்டேன். ஆத்தா பதில் சொல்லவில்லை.